உள்பக்கமும் சப்டொமைனும் டிரெக்டரியில் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

வன்னியில் சொந்தமாக டொமைன் வாங்கி வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர்கள் குறைவு. ஒரு சங்கத்துக்கோ கூட்டமைப்புக்கோ ஒரு தளம் இருக்கும். அதற்குள் புதுக்குடியிருப்பு மகளிர் குழுவின் பனங்கட்டிக்கு ஒரு பக்கம், நெடுங்கேணித் தேனுக்கு ஒரு பக்கம், வவுனியா உழுந்துக்கு ஒரு சப்டொமைன், அதாவது அதே டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்த முகவரி, என்று பிரிந்திருக்கும். அந்தக் குழுவுக்கு அந்த ஒரு பக்கம்தான் கடை வாசல். ரொறன்ரோவில் இருந்து தேடி வருகிறவர் அந்த வாசலுக்கே வந்து சேரவேண்டும். தலைவர் படமும் நோக்கக்கூற்றும் உள்ள முகப்பில் வந்து விழுந்தால் பனங்கட்டி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கமாட்டார், போய்விடுவார்.

அதனால்தான் தளங்களைப் பிரிவு பிரிவாகப் பட்டியலிடும் இணைய விபரக்கொத்துகளில், நாங்கள் வாயால் சொல்லும் டிரெக்டரிகளில், உள்பக்கத்தையும் சப்டொமைனையும் தனியாகப் பதிய முயல்கிறோம். கிளிநொச்சியில் இருந்து இந்த வேலையைச் செய்யும் எனக்கு வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிறவைதான். உங்களுடையது எதுவோ அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

அதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று. பதியவேண்டிய முகவரியை, நீங்கள் உள்நுழைந்து வேலை செய்யும் கணினியில் அல்லாமல், போனில் பிரைவேட் விண்டோவில், வைஃபையை நிறுத்தி டேட்டாவில் திறந்து பாருங்கள். பிறகு வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். வன்னியில் அப்படி ஒருவர் இல்லாத வீடு அரிது. இங்கே திறந்து அங்கே 403 என்று வந்தால், உங்கள் ஹோஸ்டிங்கின் பாதுகாப்புச் சுவர் வெளிநாட்டுப் பார்வையாளரைத் தடுக்கிறது. டிரெக்டரியின் சோதனை நிரலும் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் ஓடுகிறது, அதற்கும் அதே கதவுதான் மூடியிருக்கும். ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி அதைத் திறக்கும்வரை கீழே உள்ள எதுவும் பயன்படாது.

"உள்பக்கத்தைக் கொடுத்தேன், முகப்புத்தான் பதிவாகியிருக்கு"

முதலில் முகவரியில் # குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நீளப் பக்கமாகச் செய்த தளங்களில் "தேன்" என்ற பட்டனை அழுத்தினால் முகவரியின் கடைசியில் # சேர்ந்து ஒரு சொல் வரும். # குறிக்குப் பின்னால் உள்ளது சேர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசரோடு நின்றுவிடும். டிரெக்டரியின் கண்ணுக்கு அது முகப்பேதான். தேனுக்கு உண்மையான தனிப் பக்கம் ஒன்றை உருவாக்குவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

# இல்லையென்றால் பக்கத்தின் மூலக் குறியீட்டில் கனோனிக்கல் என்ற வரியைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தின் உண்மையான முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது. 2009 இல் கூகுள், யாகூ, மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. சில டெம்ப்ளேட்டுகள் எல்லாப் பக்கத்திலும் முகப்பின் முகவரியையே இந்த வரியில் போட்டுவிடுகின்றன. அப்படியிருந்தால் "நான் முகப்பின் நகல், என்னைக் கணக்கில் எடுக்கவேண்டாம்" என்று உங்கள் பக்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தன் சொந்த முகவரியைக் காட்டும்படி மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் முகப்பே பதிவானால், அந்த டிரெக்டரி வேண்டுமென்றே முகவரியை வெட்டுகிறது. ஒரு தளத்துக்கு ஒரு பதிவு என்பதே பல டிரெக்டரிகளின் விதி. விதியைப் படித்துப் பார்த்து, அப்படித்தான் என்றால் அங்கே முகப்பை மட்டும் பதிந்துவிட்டு வெளியே வாருங்கள்.

"பதிவாகியிருக்கு, ஆனால் அழுத்தினால் 404"

எனக்கு அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். தமிழில் முகவரி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் மாலை ஒரு அக்கா எடுத்தார். "பிள்ளை, கனடாவில தங்கச்சி அந்த லிங்க்கை அமத்தினவவாம், பக்கம் இல்லையெண்டு வருதாம். எனக்கெண்டால் வடிவாத் திறக்குது." இரண்டுமே உண்மை. அவருடைய பக்கத்தின் முகவரி, டொமைனுக்குப் பிறகு, "முல்லைத்தீவு" என்ற கோப்புறையும் அதற்குள் "பனங்கட்டி-ஒடியல்" என்ற பக்கமும். திரையில் பார்க்க அழகான, குறுகிய முகவரி. ஆனால் அனுப்பும்போது அது அப்படிப் போவதில்லை.

முகவரிகளில் பாவிக்கும் யூனிகோட் முறையில் (யூடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. "டி" என்று நாங்கள் ஒரே எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு ட, ி என்று இரண்டு குறி, அதாவது பதினெட்டு எழுத்து. பனங்கட்டியில் 9 குறி, 81 எழுத்து. முல்லைத்தீவில் 12 குறி, 108 எழுத்து. ஒடியலில் 6 குறி, 54 எழுத்து. இடையில் உள்ள கோடுகளையும் சேர்த்தால் 245. அதற்கு முன்னால் டொமைனும் இருக்கிறது. பல டிரெக்டரிகளின் படிவத்தில் முகவரிக்கு விட்டிருக்கும் இடம் 255 எழுத்து. மிச்சத்தை அது சொல்லாமலே வெட்டிவிடும். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் சேர்வருக்கு அது என்ன எழுத்தென்றே புரியாது, 404 அல்லது 400 வரும். அக்கா திறந்தது தன் போனில் இருந்த முழு முகவரியை. தங்கச்சி அழுத்தியது வெட்டுப்பட்டதை.

உறுதிப்படுத்த, டிரெக்டரியில் உள்ள லிங்க்கை அழுத்தாமல் பிரதிசெய்து நோட்பேடில் ஒட்டுங்கள். கடைசி எழுத்து உங்கள் உண்மையான முகவரியின் கடைசி எழுத்துத்தானா என்று ஒப்பிடுங்கள். வேர்ட்பிரஸ் பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஒரு பக்கத்தின் பெயர்ப்பகுதியை அது 200 எழுத்தோடு நிறுத்திவிடும். தமிழில் அது 22 குறி. நீளமான தமிழ்த் தலைப்புக் கொடுத்தால் முகவரி பாதிச் சொல்லில் நிற்பது இதனால்தான்.

நீளம் சரியாக இருந்தும் 404 வருகிறதா? அப்போது "ஒ" உயிர்மெய்களைச் சந்தேகியுங்கள். "கிளிநொச்சி"யில் உள்ள "நொ" யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம். ந-வும் ஒரே துண்டான ொ-வும் ஒரு விதம். ந, கொம்பு, கால் என்று மூன்று துண்டு மற்றொரு விதம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. சேர்வருக்கோ இரண்டும் வேறு வேறு முகவரி: ஒன்றில் பத்துக் குறி, மற்றதில் பதினொன்று. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து யூனிகோடுக்கு மாற்றிய சொற்களில் இந்தக் கோளாறு வரக் கண்டிருக்கிறேன். "மௌ" என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு, ம, ளகரம் என்று தட்டுவதும் இதே வகைக் கோளாறு. கிளிநொச்சி, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய், தொண்டைமானாறு என்று எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களில் ஒகரம் நிறைய. முகவரியை ஒருபோதும் திரும்பத் தட்டச்சுச் செய்யவேண்டாம், பிரவுசரில் இருந்து பிரதிசெய்யுங்கள்.

நிரந்தரத் தீர்வு என்று நான் செய்வது: பக்கத்தின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழிலேயே வைத்து, முகவரியின் பெயர்ப்பகுதியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்குவது. பனங்கட்டி பத்துப் பன்னிரண்டு எழுத்தில் முடிந்துவிடும். பழைய தமிழ் முகவரியில் இருந்து புதியதற்கு 301 திசைமாற்றம் போடவேண்டும், இல்லாவிட்டால் ஏற்கனவே பகிர்ந்த லிங்க் எல்லாம் செத்துவிடும். தமிழ் முகவரியை விட்டுக்கொடுப்பது எனக்கும் விருப்பமான காரியம் அல்ல. ஆனால் அந்தக் குழுவுக்கு வரும் ஓடர் அதைவிட முக்கியம்.

சிறு காரணங்களும் உண்டு. குறுஞ்செய்தியில் இருந்து பிரதிசெய்யும்போது வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் ஒட்டி வந்துவிடும். பேஸ்புக்கில் இருந்து எடுத்தால் முகவரியின் கடைசியில் கேள்விக்குறியும் நீளமான எழுத்துக் கோவையும் தொங்கும். கேள்விக்குறியில் இருந்து எல்லாவற்றையும் அழித்து, பக்கம் அப்போதும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

"சப்டொமைன் எனக்குத் திறக்குது, டிரெக்டரியில் இருந்து திறக்குதில்லை"

படிவத்தை நிரப்பும்போது முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்ததா என்று பாருங்கள். நாங்களாகச் சேர்ப்பதும் உண்டு, சில படிவங்கள் தாமாகச் சேர்ப்பதும் உண்டு. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ என்பதே ஒரு சப்டொமைன்தான். தேன் என்ற சப்டொமைனுக்கு முன்னால் அதைப் போட்டால் சப்டொமைனுக்குள் சப்டொமைன் ஆகிவிடும். எந்தப் பெயர் எந்தச் சேர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் அப்படி ஒன்றை நீங்கள் உருவாக்கியே இருக்கமாட்டீர்கள்.

"பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால் இணைப்பைப் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழைப் பாருங்கள். முதன்மை டொமைனுக்கு மட்டும் எடுத்த சான்றிதழ் சப்டொமைனுக்குச் செல்லாது. எல்லாச் சப்டொமைனுக்கும் என்று எடுக்கும் வைல்ட்கார்ட் சான்றிதழும் ஒரு படி கீழே மட்டுமே செல்லும், இரண்டாம் படிக்குச் செல்லாது. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களை 90 நாளுக்கென்று வழங்கி வந்தார்கள். அதில் வைல்ட்கார்ட் வேண்டுமென்றால் டிஎன்எஸ் வழியாகத்தான் உரிமையை நிரூபிக்கமுடியும். டொமைன் ஓரிடத்திலும் ஹோஸ்டிங் வேறிடத்திலும் இருந்தால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் நின்றுபோகும். சப்டொமைன் நான்கைந்துதான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் எடுப்பது தொல்லை குறைவு.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2010 இல் இருந்து இருக்கிறது. பல படிவங்கள் அதை முகவரி என்றே ஏற்காது. எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் அதன் ஆங்கில எழுத்து வடிவம் ஒன்று உண்டு, அதைக் கொடுத்தால் ஏற்கும்.

"இந்தத் தளம் ஏற்கனவே உள்ளது என்று திருப்பி அனுப்புது"

கூட்டமைப்பின் முகப்பு முன்பே பதிவாகியிருந்தால் இது நியாயமான பதில். பதிவானதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், உங்கள் டொமைன் ஓஆர்ஜி டொட் எல்கே, கொம் டொட் எல்கே போன்ற முடிவு கொண்டதா என்று பாருங்கள். அரைகுறையாக எழுதிய டிரெக்டரி நிரல்கள் கடைசி இரண்டு துண்டை மட்டும் எடுத்து அதையே தளத்தின் பெயர் என்று நினைக்கும். அப்போது இலங்கையில் வேறு யாரோ பதிந்த ஓஆர்ஜி டொட் எல்கே தளத்தின் சப்டொமைனாக உங்களைக் கணக்குப் பண்ணிவிடும். உங்கள் பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. டிரெக்டரியின் தொடர்புப் படிவத்தில் இரண்டு வரியில் விளக்கி எழுதுங்கள். மனிதர் இருக்கும் டிரெக்டரியென்றால் சரிசெய்வார்கள்.

"நிராகரித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை"

தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லாமல் நிராகரிப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தப் பக்கம் தனியாக நிற்கவில்லை.

டிரெக்டரியின் தொகுப்பாளர் இடத்தில் இருந்து பாருங்கள். அவருக்குக் கிளிநொச்சியும் தெரியாது, பனங்கட்டியும் தெரியாது. ஒரு தளத்துக்கு ஒரு பதிவு என்ற விதியை மீறி உங்கள் உள்பக்கத்தை ஏற்கவேண்டுமென்றால், முகப்பில் கிடைக்காத முழுமையான ஒரு விடயம் அங்கே இருக்கவேண்டும். மூன்று படமும் "தொடர்புகளுக்கு முகப்பைப் பார்க்கவும்" என்ற வரியும் உள்ள பக்கத்தை யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. சப்டொமைனுக்கும் இதே அளவுகோல்தான். முகப்பில் உள்ளதையே நிறம் மாற்றிப் போட்ட சப்டொமைன் பதிவுக்குத் தகுதி பெறாது.

நான் பக்கத்தைத் திறந்து, முகப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசிப்பேன். யார் செய்கிறார்கள், எந்த ஊரில், என்ன பொருள், எந்த மாதத்தில் கிடைக்கும், எவ்வளவு நிறையில் என்ன விலை, எப்படி வாங்குவது, யாரோடு பேசுவது. இவ்வளவும் அந்த ஒரு பக்கத்திலேயே கிடைத்தால்தான் அனுப்புவேன். முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மாக்களைப் பாருங்கள். ஏ9 வீதியில் பஸ் நிற்கும் ஐந்து நிமிடத்துக்குள், என்ன பொருள், எவ்வளவு, வறுத்ததா அவித்ததா என்று எல்லாம் அந்தத் தட்டத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கும் வேண்டியது அதுதான்.

அடுத்தது விபரக்குறிப்பு. எங்களிடம் வழக்கமாக எழுதித்தரப்படுவது இப்படி இருக்கும்: "எமது தரமான, சுவையான, இயற்கையான உற்பத்திகள் உலகத் தரத்தில், நியாயமான விலையில்." தொகுப்பாளர் இதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார். நான் மாற்றி அனுப்புவது இப்படி: "முல்லைத்தீவு மாவட்டம் புதுக்குடியிருப்பில் மகளிர் குழு ஒன்று செய்யும் பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல். விலைப்பட்டியலும் அனுப்பும் முறையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு." பெயரடை ஒன்றும் இல்லை, தகவல் மட்டும். தலைப்பிலும் குழுவின் பெயர் மட்டும் வரட்டும்.

பிரிவைத் தவறாகத் தெரிவுசெய்தாலும் நிராகரிப்பார்கள். எங்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. வன்னி ஒரு நிர்வாக மாவட்டம் அல்ல. வன்னித் தேர்தல் மாவட்டம் என்று ஒன்று உண்டு, அதில் வவுனியாவும் மன்னாரும் முல்லைத்தீவும் அடங்கும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வன்னியை இரண்டு விதமான வகரத்தால் எழுதுகிறார்கள். அதே பெயரில் குருணாகல் பக்கத்திலும் ஒரு வன்னி இருக்கிறது. அதனால் வன்னி என்ற பிரிவைத் தேடாமல், வட மாகாணத்துக்குள் உங்கள் மாவட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கிளிநொச்சியில் l ஒன்றா இரண்டா, முல்லைத்தீவில் t ஒன்றா இரண்டா என்பதையும் அந்த டிரெக்டரி எழுதியிருக்கும் விதத்திலேயே எழுதுங்கள். 021 என்ற தொலைபேசிக் குறியீடு யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பொது. இலக்கத்தைப் பார்த்துத் தானாக இடம் போடும் டிரெக்டரி உங்களை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் வைத்தால் ஆச்சரியம் இல்லை, கையால் மாற்றிவிடுங்கள்.

"மாதக்கணக்காகப் பதிலே இல்லை"

மனிதர் பார்த்துத் தொகுக்கும் டிரெக்டரியில் காத்திருப்பு வழமை. திரும்பத் திரும்ப அனுப்பவேண்டாம், அது உதவாது, எரிச்சலைத்தான் கொடுக்கும். ஆனால் அந்த டிரெக்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். யாகூவின் டிரெக்டரி 2014 இன் முடிவில் மூடப்பட்டது. 1998 இல் தொடங்கிய டிமோஸ் 2017 மார்ச்சில் மூடப்பட்டது, அதன் தொகுப்பாளர்கள் கேர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள். பழைய வழிகாட்டிகளில் இன்னும் இந்த மூடிய பெயர்களே இருக்கின்றன. அண்மையில் சேர்த்த பதிவு ஏதாவது இருக்கிறதா, பிரிவுகளில் உள்ள லிங்க்குகள் திறக்கின்றனவா என்று நாலைந்தை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"பதிவாகிவிட்டது, ஆனாலும் கூகுளில் வரவில்லை"

டிரெக்டரியில் பதிவது வேறு, கூகுள் எடுத்துக்கொள்வது வேறு. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கொன்சோலில் அந்த முகவரியைப் பரிசோதியுங்கள், காரணத்தை அதுவே சொல்லும். தளத்தைக் கட்டும்போது போட்ட "தேடுபொறி வேண்டாம்" என்ற அமைப்பை எடுக்க மறந்திருப்பது அடிக்கடி காணும் காரணம். தேடுபொறி எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு ஒவ்வொரு சப்டொமைனுக்கும் தனி, முதன்மைத் தளத்தில் திருத்தியது சப்டொமைனுக்குச் சேராது. சர்ச் கொன்சோலில் முழு டொமைனையும் டிஎன்எஸ் வழியாக உறுதிப்படுத்தினால் எல்லாச் சப்டொமைனும் ஒரே இடத்தில் தெரியும். முகவரி முன்னொட்டு முறையில் சேர்த்திருந்தால் சப்டொமைனைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "ஐந்நூறு டிரெக்டரியில் பதிந்து தருகிறோம்" என்று காசு கேட்கிறவர்களிடம் சங்கத்தின் பணத்தைக் கொடுக்காதீர்கள். தரம் குறைந்த டிரெக்டரி லிங்க்குகளைக் கூகுள் தன் விதிகளிலேயே பெயர் சொல்லிக் குப்பை என்று வகைப்படுத்தியிருக்கிறது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றத்தோடு அப்படி லிங்க் சேர்த்த தளங்கள் பல கீழே போயின. ஒரு சங்கம் இதற்குக் கொடுத்த தொகையில் ஒரு குழுவின் எல்லாப் பொருளுக்கும் நல்ல படம் எடுத்திருக்கலாம். அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. உங்கள் பொருளைத் தேடுகிறவர்கள் பார்க்கக்கூடிய நாலைந்து இடம் போதும்: கேர்லியின் தமிழ்ப் பிரிவு, இலங்கை வணிகப் பட்டியல் ஒன்றிரண்டு, புலம்பெயர்ந்தோர் பாவிக்கும் ஊர்ப் பட்டியல் ஒன்று.

பதிவுக்குப் பதிலாக உங்கள் தளத்தில் தங்கள் லிங்க்கைப் போடச் சொல்லும் டிரெக்டரிகளை விட்டுவிடுங்கள்.

"முன்பு வேலை செய்தது, இப்போது திறக்கவில்லை"

தளத்தைப் புதிதாக வடிவமைத்தார்களா என்று கேளுங்கள். சப்டொமைனைக் கோப்புறையாக்கியிருப்பார்கள், அல்லது பக்கங்களின் பெயரை மாற்றியிருப்பார்கள். பழைய ஒவ்வொரு முகவரியில் இருந்தும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 போடவேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனமான தீர்வு, கூகுள் அதைப் பக்கம் இல்லை என்றே கணக்கெடுக்கக்கூடும். பிறகு டிரெக்டரிகளில் உள்ள "பதிவைத் திருத்து" படிவத்தின் வழியாகப் புதிய முகவரியைக் கொடுங்கள்.

எந்தெந்த இடத்தில் பதிந்தோம் என்றே தெரியாவிட்டால் இதைச் செய்யமுடியாது. அதனால் ஒரு கொப்பி வைத்திருங்கள். டிரெக்டரியின் பெயர், பதிந்த முழு முகவரி, திகதி, எந்த ஈமெயிலில் பதிந்தது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது. ஈமெயில் சங்கத்தினுடையதாக இருக்கவேண்டும், வேலை செய்து கொடுத்த பிள்ளையினுடையதாக இருக்கக்கூடாது. அந்தப் பிள்ளை வெளிநாடு போனபின் கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கொப்பியில் உள்ள ஒவ்வொரு லிங்க்கையும் டிரெக்டரியின் பக்கத்தில் இருந்தே அழுத்திப் பாருங்கள். குழுவின் தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் அதையும் அன்றே திருத்துங்கள்.